கறி ஆட்டுக்கு எந்தத் தீவனம், எவ்வளவு?

25 கிலோ கிடாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 கிலோ பசுந்தீவனமும் கால் கிலோ உலர்தீவனமும் போடலாம். பசுந்தீவனத்தில் பாதிக்கு மேல் கோ-4 போன்ற புல். மீதி வேலிமசால், அகத்தி, கிளுவைத் தழை. ஆடு மேலே எட்டிக் கடிக்கும் பிராணி. அகத்தியைக் கொத்தாகக் கட்டி அதன் தலை உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்து, மூத்திரம் பட்டதும் முகர்ந்துவிட்டு ஒதுங்கிவிடும். கோ-4 தண்டை இரண்டு அங்குலத்துக்கு நறுக்காவிட்டால் இலையை மட்டும் உருவிவிட்டுத் தண்டை அப்படியே விட்டுவிடும்.

சூபாபுல் (சவுண்டல்) மரத்தழையில் மைமோசின் என்ற நச்சு உண்டு. தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் முடி உதிரும். சோளப்பயிர் பூக்கும் முன் வேண்டாம். வறட்சியில் வாடி நிற்பதும், வெட்டியபின் துளிர்ப்பதும் இன்னும் ஆபத்து: சயனைடு சில நிமிடங்களில் ஆட்டைச் சாய்த்துவிடும்.

உலர்தீவனத்துக்குக் கடலைக்கொடிதான் முதல் தேர்வு, வைக்கோல் கடைசி. மழையில் நனைந்து கருத்த கொடி, பூஞ்சை வாடை அடித்தால் குப்பைக்குத்தான். பயறுவகைத் தழையை ஈரத்தோடு வெறும் வயிற்றில் போட்டால் இடப்பக்கம் உப்பும். சில மணி நேரம் வாடவிட்டு, முதலில் கொஞ்சம் கொடி கொடுத்தபின் போடுங்கள். புதுத் தீவனத்துக்கு மாற்றப் பத்து நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.