அரிசி ஆலைக்கு பி.எல்.சி. அமைக்கும்போது

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பேனல் பட்டறை வைத்திருக்கிறேன். ஆலை மோட்டார்களை இயக்கும் மின்பலகைகளைச் செய்து, புரோகிராம்படி அவற்றை ஓட்டும் சிறு கணினியான பி.எல்.சி.யையும் அமைத்துக் கொடுப்போம். டிப்ளமோ முடித்து வேலைக்கு வரும் பிள்ளைகள் முதல் நாளே மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, "அக்கா, எங்கே தொடங்க வேண்டும்?" என்று கேட்பார்கள். அதை மூடிவைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுக்கச் சொல்வேன். அவர்கள் முகம் வாடிப்போகும். பரவாயில்லை.

தாளில் எழுத வேண்டியது, எந்த ஒயர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்பதுதான். சோழவந்தான் பக்கம் ஓர் அரிசி ஆலைக்குச் செய்ததையே எடுத்துக்கொள்கிறேன். நெல்லைக் குழியில் கொட்டுவார்கள். முதல் எலிவேட்டர் அதைத் தூக்கிச் சல்லடைக்குக் கொடுக்கும். இரண்டாவது எலிவேட்டர் உமி நீக்கும் ஷெல்லருக்குக் கொண்டுபோகும். மோட்டார்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும், சுமை மீறினால் நிறுத்தும் ஓவர்லோட் டிரிப் ஒன்று, மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் சுவிட்சான கான்டாக்டர் இழுத்ததா என்று சொல்லும் ஃபீட்பேக் ஒன்று. ஆக பி.எல்.சி.க்குள் வரும் சிக்னல்கள், அதாவது இன்புட், 8. எலிவேட்டர் இரண்டும் சுற்றுகின்றனவா என்று பார்க்கும் சென்சார்கள் 2. ஸ்டார்ட், ஸ்டாப், எமர்ஜென்சி 3. மொத்தம் 13. நான் போடுவது சீமென்ஸ் எஸ்7-1200 என்ற பி.எல்.சி. வரிசையில் 1214 சிபியு, அதாவது புரோகிராமை ஓட்டும் மூளைப் பெட்டி. அதில் இருப்பது 14 இன்புட், 10 அவுட்புட். ஒன்றுதான் மிச்சம். குழியில் நெல் மட்டம் பார்க்க ஒரு சுவிட்ச் வேண்டும் என்று ஆலைக்காரர் இரண்டாவது வாரமே கேட்டார். அந்த ஒன்றும் போயிற்று. கூடுதல் மாட்யூலுக்கு பேனலில் இடம் விட்டுவைப்பது இதற்காகத்தான்.

எமர்ஜென்சி பட்டனைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது கான்டாக்டரை இழுக்கும் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும். பி.எல்.சி.க்குத் தகவல் போனால் போதும், புரோகிராம் பார்த்து நிறுத்தட்டும் என்று விடக் கூடாது.

இனி மடிக்கணினியைத் திறக்கலாம். சீமென்ஸ் பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதும் மென்பொருளான டியா போர்ட்டலில் புதிய புராஜெக்ட் தொடங்கி, 'ஆட் நியூ டிவைஸ்' போய், சிபியுவின் முகப்பில் அச்சிட்டிருக்கும் ஆர்டர் எண்ணைப் பார்த்து அதே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். ரிலே அவுட்புட் உள்ளதும் டிரான்சிஸ்டர் அவுட்புட் உள்ளதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எண்தான் வேறு. கூடவே சிபியுவின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் பதிப்பையும் பாருங்கள். சிபியுவில் 4.2 இருக்க, புராஜெக்டில் 4.4 என்று விட்டால் ஏற்ற முடியாது. அதே 4 வரிசைக்குள் புராஜெக்டில் குறைவாக இருந்தால் ஏறிவிடும்.

டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் சாதாரண நெட்வொர்க் கேபிள் போதும். மடிக்கணினிக்கு 192.168.0.10, சிபியுவுக்கு 192.168.0.1, இரண்டுக்கும் மாஸ்க் 255.255.255.0. பெட்டியிலிருந்து எடுத்த புதிய சிபியுவுக்கு ஐபி முகவரியே இருக்காது. பயப்பட வேண்டாம். தேடச் சொன்னால், தயாரிக்கும்போதே பதிந்துவிடும் அதன் மேக் முகவரியைக் கொண்டு மென்பொருளே கண்டுபிடித்துக் காட்டும். பக்கத்தில் இரண்டு மூன்று சிபியு இருந்தால் 'ஃப்ளாஷ் எல்.ஈ.டி.' என்பதை டிக் செய்யுங்கள். நீங்கள் பேசுவது எதனுடனோ, அதன் விளக்குகள் மட்டும் மினுங்கும்.

இவ்வளவும் எல்லோரும் செய்துவிடுவார்கள். பெரும்பாலோர் திறக்காமல் விடும் பக்கம் ஒன்று உண்டு. சிபியுவின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'ஸ்டார்ட்அப்'. மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் சிபியு என்ன செய்ய வேண்டும் என்று அங்கேதான் சொல்ல வேண்டும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், மின்சாரம் போவதற்கு முன் எந்த நிலையில் இருந்ததோ அந்த நிலைக்கே திரும்பும்.

நானும் ஒரு காலத்தில் அதைத் திறக்காதவள்தான். ஆலையில் ஒரு சாயங்காலம் சின்ன மாற்றம் ஒன்றை ஏற்றினேன். எலிவேட்டர் பெல்ட்டில் ஆட்கள் கை வைத்திருந்ததால், சிபியுவை ஸ்டாப்பிலேயே விட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மின்வெட்டு. இருட்டிவிட்டது. "கரண்ட் வந்ததும் ஓட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். விடியற்காலை ஐந்தரைக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் கூப்பிட்டார். பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, வாசலில் நெல் வண்டிகள் நிற்கின்றன என்றார். "சிபியுவில் பச்சை விளக்கா, மஞ்சளா?" என்று கேட்டேன். மஞ்சள். ஸ்டாப்பில் இருக்கும்போது மின்சாரம் போனது, ஸ்டாப்பிலேயே விழித்திருக்கிறது. இந்த சிபியுவில் ரன், ஸ்டாப் என்று திருப்புகிற சுவிட்ச் கிடையாது. அவரால் ஒன்றும் செய்ய முடியாது. மடிக்கணினியோடு நானே போக வேண்டியதாயிற்று. வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

ஆகவே அங்கே 'வார்ம் ரீஸ்டார்ட் - ரன்' என்று மாற்றிவிடுங்கள். மாற்றிய கையோடு அடுத்த கேள்வி வந்து நிற்கும்: மின்சாரம் வந்ததும் சிபியு ஓடட்டும், மோட்டார் ஓடலாமா? கூடாது. மின்வெட்டின்போது அடைப்பை எடுக்க எலிவேட்டருக்குள் கை விட்டிருப்பவர் யாரென்று நமக்குத் தெரியாது. ஸ்டார்ட் பட்டனைப் பிடித்துவைக்கும் மெமரி பிட்டுக்கு 'ரீட்டெய்ன்' கொடுக்காதீர்கள். கொடுக்காவிட்டால் மின்சாரம் போனதும் அது அழிந்துவிடும். மறுபடியும் ஒரு மனிதர் வந்து அழுத்தினால்தான் ஓடும்.

ஓடும் வரிசையும் முக்கியம். பாதி அரவையில் மின்சாரம் போனால் எலிவேட்டரின் அடியில் நெல் குவிந்து கிடக்கும். முதல் எலிவேட்டரை முதலில் ஓட்டினால் நின்றுகிடக்கும் சல்லடையின் மேல் நெல்லைக் கொட்டி மூடிவிடும். கடைசியில் இருப்பது முதலில்: ஷெல்லர், இரண்டாம் எலிவேட்டர், சல்லடை, முதல் எலிவேட்டர். ஒவ்வொன்றுக்கும் நடுவே, தாமதித்து ஆன் ஆகும் டி.ஓ.என். டைமரில் 8 நொடி வைத்தேன். முந்தைய கான்டாக்டரின் ஃபீட்பேக் வந்தால்தான் டைமரே எண்ணத் தொடங்கும். நிறுத்தும்போது வரிசை தலைகீழ். நடுவில் ஏதாவது ஒன்று டிரிப் ஆனால், நெல் வரும் வழியில் அதற்கு முன்னால் இருப்பவை அத்தனையும் அந்தக் கணமே நிற்க வேண்டும்.

ஸ்டாப் பட்டனில் பிள்ளைகள் தவறாமல் தடுமாறுவார்கள். அரிசி ஆலை என்றால் எலி இருக்கும். எலி இருந்தால் ஒயர் அறுபடும். ஸ்டாப்புக்கு, அழுத்தாதபோது மூடியிருக்கும் நார்மலி குளோஸ்டு கான்டாக்ட்தான் போட வேண்டும். ஒயர் அறுந்தாலும் ஸ்டாப் அழுத்தியதாகவே ஆகி, ஆலை நிற்கும். பட்டன் குளோஸ்டாக இருப்பதால் இன்புட்டில் எப்போதும் 1 வந்துகொண்டிருக்கும். புரோகிராமைப் படமாக வரையும் லேடரில், அதற்கு 1 வந்தால் வழிவிடும் நார்மலி ஓப்பன் குறிதான் போட வேண்டும். பட்டன் குளோஸ்டுதானே என்று லேடரிலும் குளோஸ்டு போட்டுவிட்டு, ஆலை ஏன் ஓடவில்லை என்று ஒரு மணி நேரம் மல்டிமீட்டரோடு அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

எலிவேட்டர் சென்சார் இதைவிடச் சூட்சுமமானது. அடி ஷாஃப்டில் ஓர் இரும்புத் துண்டை வைத்து, எதிரே, தொடாமலே இரும்பை உணரும் பிராக்சிமிட்டி சென்சாரை வைப்போம். ஒரு சுற்றுக்கு ஒரு பல்ஸ். ஐந்து நொடிக்குள் பல்ஸ் வராவிட்டால் பெல்ட் வழுக்குகிறது அல்லது அடைத்துவிட்டது என்று அர்த்தம், டிரிப். ஒவ்வொரு பல்ஸும் டைமரை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டும். புதிதாக எழுதுபவர் சென்சார் இன்புட்டை நேராக டைமருக்குக் கொடுத்துவிடுவார். சோதிக்கும்போது சரியாகவே வேலை செய்யும். ஷாஃப்ட் நின்ற இடத்தில் இரும்புத் துண்டு சென்சாருக்கு நேர் எதிரே நின்றுவிட்டால்? இன்புட் 1 ஆகவே இருக்கும், டைமர் பூஜ்யத்திலேயே கிடக்கும், டிரிப் வரவே வராது. மேலே மோட்டார் புல்லி, நின்ற பெல்ட்டில் தேய்ந்து புகை கிளம்பும். இன்புட்டுக்குப் பாசிட்டிவ் எட்ஜ் கான்டாக்ட் போடுங்கள். 0 இலிருந்து 1 ஆகும் அந்த ஒரு கணத்தை மட்டும் அது எடுத்துக்கொள்ளும். துண்டு எங்கே நின்றாலும் ஐந்து நொடியில் டிரிப் ஆகும்.

புரோகிராமை ஏற்றிய பிறகு, மோட்டார்களின் பிரேக்கர்களான எம்.சி.பி.களை இறக்கி வைத்துவிட்டு, கன்ட்ரோல் சப்ளையை மட்டும் கொடுங்கள். ஒருவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்த, இன்புட் நிலையை மடிக்கணினியில் காட்டும் வாட்ச் டேபிளில் நீங்கள் பார்த்துத் தாளில் டிக் அடியுங்கள். பிறகு வெறும் ஓட்டம், பிறகு நெல்லோடு.

பாஸ்வேர்டு வைத்தால் ஆலைக்காரரிடம் எழுதிக் கொடுங்கள். பாஸ்வேர்டு போட்டுவிட்டுத் தொலைபேசி எண்ணையும் மாற்றிக்கொண்ட ஒருவர் செய்த பேனலை, ஒரு டைமரை மாற்றுவதற்காக முழுவதும் திரும்ப எழுதியிருக்கிறேன். புராஜெக்டை ஒரு பென்டிரைவில் போட்டு, அந்தத் தாளோடு பேனல் கதவின் உள்பையில் வையுங்கள்.

கிளம்பும் முன் ஒரு வேலை. நெல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எவரும் இயந்திரத்தின் அருகில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஆலைக்காரர் எதிரில் மெயின் சுவிட்சை இறக்குங்கள். சத்தம் அடங்கட்டும். மறுபடி ஏற்றுங்கள். மஞ்சள், பிறகு பச்சை. ஒரு மோட்டாரும் அசையக் கூடாது. இப்போது ஸ்டார்ட் பட்டனை அவரையே அழுத்தச் சொல்லிவிட்டு, ஷெல்லர் சத்தம் முதலில் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள்.