ஆறு வருஷமா வராத சோயுஸ் புத்தகத்துக்கு காத்திருக்கறது எப்படி

ஆளுங்களை விண்வெளிக்கு கொண்டு போற ரஷ்ய விண்கலம் சோயுஸ், அதோட முழு வரலாறு, வரைபடம் எல்லாம் போட்டு ஒரே தடி புத்தகமா வரப்போகுதுன்னு கேள்விப்பட்டு நான் ஆர்டர் போட்டது 2019ல. இன்னும் வரல. தேதி ஏழு தடவை மாறியாச்சு. எங்க வீட்ல இப்போ "ராக்கெட் புக்கு"ன்னாலே நடக்காத காரியம்னு அர்த்தம், பாத்ரூம் குழாயை எப்போ மாத்தப்போறீங்கன்னு நான் கேட்டா உங்க ராக்கெட் புக்கு வர்ற அன்னிக்குன்னு பதில் வருது. பதிப்பகம் பேரு, எழுதறவர் பேரு எல்லாம் இங்க வேணாம், அவங்க மேல எனக்கு கோவமும் பெருசா இல்ல (2021ல இருந்துச்சு). இந்த ஆறு வருஷத்துல காத்திருக்கறதையே ஒரு வேலையா செய்யலாம்னு கத்துக்கிட்டேன், அதைத்தான் சொல்லப்போறேன்.

முதல்ல புத்தகம் உயிரோட இருக்கான்னு பாக்கணும். கடைக்காரங்க தளத்துல டிசம்பர் 31னு தேதி போட்டிருந்தா அது தேதியே இல்ல, கட்டத்தை காலியா விட முடியாதுன்னு ஏதோ ஒண்ணை போட்டு வெச்சதுன்னு எடுத்துக்கங்க. அதை விட்டுட்டு பக்க எண்ணிக்கையை பாருங்க. 320னு இருந்தது 416 ஆச்சுன்னா உள்ள யாரோ வேலை பாக்கறாங்க. அட்டைப்படம் மாறினாலும் நல்ல சகுனம்தான். ரெண்டு வருஷமா தேதி மட்டும் தள்ளிட்டே போகுது, விலை, பக்கம், அட்டை எதுவுமே அசையலன்னா கொஞ்சம் கவலைப்படலாம். ஐஎஸ்பிஎன் நம்பரை ஒரு எடத்துல எழுதி வெச்சுக்கங்க, ஏன்னா தலைப்பு மாறும், துணைத்தலைப்பு கண்டிப்பா மாறும், தலைப்பை வெச்சு தேடினா கிடைக்காம புத்தகத்தையே கேன்சல் பண்ணிட்டாங்கன்னு நெனச்சுப்பீங்க. நான் நெனச்சேன், ஒரு வாரம் சோறு எறங்கல.

அடுத்தது காசு விஷயம், இது போரடிக்கும் ஆனா முக்கியம். வெளிநாட்டு கடையில ஆர்டர் போட்டா நெறைய எடத்துல புத்தகம் கெளம்பும்போதுதான் கார்டுல காசு எடுப்பாங்க. அஞ்சு வருஷத்துல உங்க கார்டு காலாவதியாயிருக்கும், புதுசா வந்த கார்டுல வெளிநாட்டு பரிவர்த்தனை ஆஃப்ல இருக்கும், அதை நீங்கதான் பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணணும். இல்லன்னா ஆறு வருஷம் காத்திருந்த புத்தகம் பேமெண்ட் ஃபெயில்னு ஒரே ஒரு மெயிலோட போயிடும், அந்த மெயிலும் ஸ்பேம்ல கெடக்கும். வருஷத்துக்கு ஒரு நாள் வெச்சுக்கிட்டு கார்டு, அட்ரஸ், ஃபோன் நம்பர் மூணையும் செக் பண்ணுங்க. நான் ஏப்ரல் 23 வெச்சிருக்கேன், 1967ல சோயுஸ் 1 கெளம்பின நாள், மறக்காது.

இனிமேதான் உண்மையான வேலை. புத்தகம் வந்தப்புறம் படிச்சுக்கலாம்னு சும்மா உக்காந்தா அது வரும்போது உங்களுக்கு கேக்கறதுக்கு ஒரு கேள்வியும் இருக்காது, எழுதினவர் சொல்றதை எல்லாம் தலையாட்டி படிச்சிட்டு ஷெல்ஃப்ல வெச்சிடுவீங்க. அதனால ஒரு நோட்டு வாங்குங்க. இடது பக்கம் உங்க கேள்வி, வலது பக்கம் காலியா விடுங்க, அது புத்தகத்தோட பதிலுக்கு.

கேள்வி எங்கருந்து வரும்னா ஓசியில கெடைக்கற ரெண்டு விஷயத்துலருந்து. நாசா தன்னோட வரலாற்று புத்தகங்களை பிடிஎஃப்பா சும்மாவே குடுக்குது. அதுல அப்பல்லோ-சோயுஸ் கூட்டுப்பயணத்தை பத்தி 1978ல வந்த 'தி பார்ட்னர்ஷிப்' இருக்கு, 1975 ஜூலை 17ல ரெண்டு கலமும் மேல ஒண்ணு சேர்ந்துச்சே அந்த கதை. அதை முதல்ல படிங்க. அந்த காலத்து அமெரிக்கர்களுக்கு சோயுஸ் பத்தி எவ்வளவு தெரிஞ்சிருந்துச்சு, எவ்வளவு தெரியலன்னு அதுல புரியும். அப்புறம் போரிஸ் செர்டோக்கோட 'ராக்கெட்ஸ் அண்ட் பீப்பிள்', சோவியத் ராக்கெட் வேலைக்கு தலைமை வடிவமைப்பாளரா இருந்த கொரோல்யோவ் கூடவே இருந்து கண்ட்ரோல் சிஸ்டம் பாத்த மனுஷன், நாலு பாகம், ஆங்கிலத்துல நாசாவே 2005லருந்து ஒவ்வொண்ணா போட்டுச்சு. நாலும் வந்து முடிய ஆறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நம்ம கதைதான். இதை 1978 புத்தகத்துக்கு அப்புறமா படிக்கணும், மாத்தி படிச்சா சுவாரசியமே போயிடும், கதவு தொறக்கற உணர்வு கெடைக்காது.

ஏன் சொல்றேன்னா சோயுஸ் வரலாறுல பாதி வேற பேர்ல ஒளிஞ்சிருக்கு. ஆளில்லாம விட்ட சோதனை கலத்துக்கெல்லாம் சோவியத் அரசு காஸ்மாஸ்னு ஒரு பொதுப்பேரும் நம்பரும் குடுத்து விட்டுடும், வெளிய இருந்து பாக்கறவனுக்கு அது ஏதோ ஒரு சாட்டிலைட். 1966 நவம்பர்ல போன காஸ்மாஸ் 133தான் முதல் சோயுஸ், அது ஒழுங்கா திரும்பி வரல, தானே வெடிக்க வெச்சிட்டாங்க. டிசம்பர் 14ல அடுத்தது, என்ஜின் நின்னு போய் ராக்கெட் ஏவுதளத்துலயே நின்னுடுச்சு, ஆளுங்க கிட்ட போய் பாத்துட்டு இருக்கும்போது அரை மணி நேரம் போல கழிச்சு தப்பிக்கற ராக்கெட் (ஆபத்துன்னா ஆளுங்க இருக்கற பகுதியை மட்டும் தூக்கிட்டு போறதுக்கு உச்சியில வெச்சிருக்கற சின்ன ராக்கெட்) தானா பத்திக்கிச்சு. காரணம் என்னன்னா பூமி சுத்தறதால, சாய்வை அளக்கற கைரோங்கற கருவியோட கணக்குல ராக்கெட் சாய்ஞ்சிட்டே இருக்கற மாதிரி தெரிஞ்சிருக்கு, சாயுதுன்னா ஆளை காப்பாத்துன்னுதானே அதுக்கு சொல்லி வெச்சிருக்காங்க, அது காப்பாத்திடுச்சு, உள்ள ஆளே இல்ல, கீழ இருந்த ராக்கெட் தீப்பிடிச்சு வெடிச்சு உயிர்சேதமும் ஆச்சு. மூணாவது காஸ்மாஸ் 140, 1967 பிப்ரவரி, வெப்பக்கவசத்துல ஓட்டை விழுந்து ஆரல் கடல்ல பனிக்கட்டி மேல எறங்கி அதை உடைச்சிக்கிட்டு உள்ள போயிடுச்சு. இப்படி மூணும் ஊத்திக்கிட்டப்புறம் ரெண்டரை மாசத்துல சோயுஸ் 1ல விண்வெளி வீரர் கோமரோவை ஏத்தி அனுப்பினாங்க. ஒரு பக்க சோலார் பேனல் விரியல, திரும்பி வரும்போது மெயின் பாராசூட் பெட்டிக்குள்ளருந்து வெளிய வரல, ரிசர்வ் பாராசூட் போய் சிக்கிக்கிச்சு, ஏப்ரல் 24ல எறந்துட்டார்.

இந்த எடத்துல நோட்டு நெறையும். பாராசூட் ஏன் வெளிய வரல? செர்டோக் ஒரு காரணம் சொல்றார், வெப்பப்பூச்சை சூட்டுல வெச்சு இறுக வைக்கும்போது பாராசூட் பெட்டியை மூடாம விட்டிருக்கலாம், உள்பக்கம் சொரசொரன்னு ஆகி துணி பிடிச்சிக்கிட்டிருக்கும்னு. அப்போ அடுத்த நாள் மூணு பேரோட போக வேண்டிய சோயுஸ் 2 கெளம்பியிருந்தா? அவர் பதில் சொல்லியிருக்கார், நீங்களே படிங்க. ஆனா அவர் என்ஜினியர் பக்கம். விமானப்படை பக்கம் விண்வெளி வீரர்களுக்கு பொறுப்பா இருந்த ஜெனரல் கமானின் டைரி எழுதியிருக்கார், ரஷ்ய மொழியில 1990கள்லருந்து வெளிவந்துச்சு, ரெண்டு பேரும் ஒரே மீட்டிங்ல உக்காந்துட்டு வேற வேற ஆளை குத்தம் சொல்வாங்க. நம்ம புத்தகம் யார் பக்கம் நிக்கப்போகுதுன்னு ஒரு கேள்வி எழுதுங்க. கோமரோவ் கடைசியில கத்தி திட்டிக்கிட்டே செத்தார்னு ஒரு கதை நெட்ல சுத்துது பாருங்க, அதையும் எழுதி வெச்சு, புத்தகத்துல அதை எப்படி எழுதியிருக்காங்கன்னு பாருங்க. வெளியான உரையாடல் பதிவுல அவர் நிதானமாத்தான் பேசறார்.

நம்பர்ல ஏமாறாதீங்க, இதுக்கு டெல்லி போனா ஒரு நல்ல பயிற்சி கெடைக்கும். நேரு கோளரங்கத்துல இருக்கற கருகின கலம் சோயுஸ் டி-10. ராகேஷ் சர்மா 1984 ஏப்ரல் 3ல போனது டி-11ல, திரும்பி வந்தது டி-10ல, ஏன்னா சால்யூட் 7 விண்வெளி நிலையத்துல ஏற்கனவே நின்னுட்டு இருந்த பழைய கலத்துல வந்துட்டு புதுசை அங்க இருக்கறவங்களுக்கு விட்டுட்டு வர்றது வழக்கம். டி-10 எதுக்கு டி-10 ஆச்சுன்னு பாத்தா இன்னொரு கதை, அதுக்கு முன்னாடி இதே நம்பர்ல 1983 செப்டம்பர் 26ல போக வேண்டியது ஏவுதளத்துலயே தீப்பிடிச்சு தப்பிக்கற ராக்கெட் ரெண்டு பேரையும் தூக்கிட்டு போய் உயிரோட எறக்கிச்சு. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஸ்ட்ரேகலோவ், ஆறு மாசம் கழிச்சு நம்ம சர்மா பக்கத்துல உக்காந்து போனவரும் அவர்தான். நான் அந்த கலத்துக்கு முன்னாடி முக்கா மணி நேரம் நின்னேன், கூட வந்த பையன் ரெண்டு தடவை டாய்லெட் போயிட்டு வந்துட்டான்.

எழுத்தாளருக்கு மெயில் போடலாமான்னு கேப்பீங்க. போடலாம், ஒண்ணே ஒண்ணு, அதுலயும் எப்ப சார் வரும்னு மட்டும் கேக்காதீங்க, அவருக்கே தெரியாது, தெரிஞ்சாலும் சொல்ற அதிகாரம் அவருக்கு இருக்காது. இந்த மாதிரி புத்தகம் லேட்டாறதுக்கு காரணம் பெரும்பாலும் எழுத்து இல்ல, படத்துக்கு உரிமை வாங்கறது, வரைபடம் போடறவர் ஒரே ஆளா இருக்கறது, ரஷ்ய பேரை எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி எழுதறது, கடைசியில இண்டெக்ஸ். கைல ஏதாச்சும் குடுக்கற மாதிரி இருந்தா எழுதுங்க. நான் டெல்லி கலத்தை நாலு பக்கமும் எடுத்த ஃபோட்டோவை அனுப்பினேன், ரெண்டு நாள்ல பதில் வந்துச்சு, ஜன்னல் பக்கம் இன்னும் கிட்ட எடுத்தது இருக்கான்னு கேட்டார். புத்தகம் எப்பன்னு நானும் கேக்கல அவரும் சொல்லல.

ஒரு விஷயத்துல எனக்கு அவர்மேல வருத்தம் உண்டு. 2022 டிசம்பர்ல சோயுஸ் எம்எஸ்-22 கலத்துல குளிரூட்டற திரவம் ஒழுகி, ஆளில்லாம எம்எஸ்-23 அனுப்பி, மூணு பேர் 371 நாள் விண்வெளியில இருந்தாங்களே, அதையும் புத்தகத்துல சேத்துட்டு இருக்காராம். சோயுஸ் இன்னும் பறந்துட்டு இருக்கற கலம், புதுசா ஏதாச்சும் நடந்துட்டேதான் இருக்கும், ஒரு வருஷத்துல கோடு போட்டு நிறுத்தலன்னா என் பேரன்தான் பார்சலை வாங்கணும்.

வந்துச்சுன்னு வெச்சுக்கங்க. பிரிக்கும்போது வீடியோ எடுங்க, தடி புத்தகம் மூலை நசுங்கித்தான் வரும், மாத்தி கேக்க ஆதாரம் வேணும். முதல் பக்கத்துலருந்து ஆரம்பிக்காதீங்க. நோட்டை பக்கத்துல வெச்சு இண்டெக்ஸ்க்கு போங்க, காஸ்மாஸ் 140க்கு எத்தனை பக்கம் குடுத்திருக்காங்கன்னு எண்ணுங்க, அப்புறம் 1966 டிசம்பர் 14. அந்த கைரோ சமாச்சாரம் ஒரே வரியில முடிஞ்சிருந்தா பேனாவை எடுத்து வலது பக்கத்துல அதையே மொத பதிலா எழுதுங்க.