வாரியக் குடியிருப்புகளில் பணக் கணக்கு சொல்லிக்கொடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை நகருக்குள் இருந்து ராஜாக்கூர் போன்ற வெளிப்பகுதிகளுக்குக் குடிபெயர்ந்து, தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் குடும்பங்களுக்கு வரவு செலவு, கடன், சேமிப்பு ஆகியவற்றைச் சொல்லிக்கொடுக்கப் புதிதாக வரும் இளைஞர்களை உடனிருந்து கவனிக்கும் வாய்ப்பு எனக்கு அடிக்கடி கிடைக்கிறது. அக்கறையோடுதான் வருகிறார்கள்; ஆயினும் இந்த வேலையில் எங்கள் தலைமுறை தொடக்கத்தில் எங்கெங்கு இடறியதோ அதே இடங்களில்தான் அவர்களும் இடறுகிறார்கள். நேரத்துக்குச் செல்ல வேண்டும், வங்கிச் சொற்களைக் குறைத்துப் பேச வேண்டும் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மாதச் சம்பளக் கணக்கு

அச்சடித்துக் கொண்டுவரும் வரவு செலவுப் படிவத்தில் மாத வருமானம் என்று ஒரு கட்டம் இருக்கும். சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும், மாட்டுத்தாவணியில் பூ எடுத்துக் கட்டி விற்கிறவருக்கும் அந்தக் கட்டத்தில் எழுத எதுவும் இல்லை. பனிக்காலத்தில் வரத்து குறைந்து மல்லிகை விலை ஏறும்போது பூக்காரருக்கு நல்ல லாபம் என்று வகுப்பெடுப்பவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் அந்த நாட்களில் விடியற்காலையில் அவர் கையில் இருக்க வேண்டிய முதல்தான் பல மடங்காகிறது. நாள் கணக்கும் வாரக் கணக்குமே இவர்களுக்குப் பயன்படும். வாரியத்துக்குச் செலுத்தும் தொகை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் போன்றவற்றை மட்டும் தனியாக எழுதி வைத்தால் போதும்.

கூட்டத்தில் வைத்துக் கடனைக் கேட்பது

எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்வதும், எனக்கு இன்றளவும் கோபம் ஆறாமல் இருப்பதும் இந்தத் தவறுதான். மாலையில் பிளாக்கின் கீழ்த்தளத்தில் பெண்களை உட்கார வைத்து, சுவரில் ஒரு சார்ட் தாளை ஒட்டி, பெயர், யாரிடம் கடன், எவ்வளவு, என்ன வட்டி என்று கோடு போட்டு, ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்கிறார்கள். கடனைப் பற்றி வெளிப்படையாகப் பேசினால் கூச்சம் போய்விடும் என்று அவர்களுக்கு எங்கோ பயிற்சியில் சொல்லப்பட்டிருக்கிறது. கடன் கொடுத்தவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்திருப்பார் என்பதை அந்தப் பயிற்சியில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மேலூர் சாலைப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். பூக்கட்டி விற்கும் ஓர் அக்கா, வகுப்பெடுத்த தம்பி கேட்கிறாரே என்ற மரியாதையில், தனக்கிருந்த தண்டல் (நாள்தோறும் வசூலிக்கும் கடன்), வாரத் தவணையில் கட்டும் குழுக் கடன்கள் இரண்டு, தெரிந்தவரிடம் ஐந்து வட்டிக்கு (நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய்) வாங்கிய 20,000 ரூபாய் என எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். தாளில் அவர் பெயருக்கு எதிரே அத்தனையும் பச்சை மையில் பெரிய எழுத்தில் ஏறின. கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளைப் படம் எடுத்து, வேலை நடந்ததற்குச் சான்றாக, குடியிருப்புப் பெண்கள் இருந்த வாட்ஸ்அப் குழுவிலேயே போட்டார்கள். தண்டல்காரரின் மருமகளும் அந்தக் குழுவில் இருந்தார். மறுநாள் காலையில் தண்டல்காரர் வாசலில் வந்து நின்று, இத்தனை இடத்தில் வாங்கியிருப்பது தெரிந்திருந்தால் கொடுத்திருக்கவே மாட்டேன் என்று சொல்லி, மீதி முழுவதையும் ஒரே தவணையில் கேட்டார். ஐந்து வட்டிக் கடன் கணவருக்கு அதுவரை தெரியாது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வாங்கியது என்பதை விளக்கும் முன்பே வீட்டில் அடிதடியாகிவிட்டது. காதில் கிடந்த தோட்டைக் கழற்றி அடகு வைத்துத் தண்டலை அடைத்தார். பூ வாங்க முதல் இல்லாமல் வியாபாரமும் நின்றது. வட்டியைக் குறைக்க வழி சொல்லப் போனவர்களால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே முடங்கியது. அதன் பிறகு அந்த பிளாக்கில் எந்த வகுப்புக்கும் ஒருவரும் வரவில்லை. அதில் அந்தப் பெண்கள் மீது எந்தப் பிழையும் இல்லை.

வகுப்பெடுக்க வருகிறவர்களிடம் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது இதுதான். கூட்டத்தில் பேச ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்கிக்கொள்ளுங்கள்; கணவர் கொத்தனார், மனைவி இட்லிக் கடை, இரண்டு பிள்ளைகள், இன்னின்ன கடன்கள் என்று வைத்துக்கொண்டால், பெண்கள் தங்கள் அனுபவத்தை எல்லாம் அந்தக் குடும்பத்தின் மேல் ஏற்றித் தாராளமாகப் பேசுவார்கள். அவரவர் கடனை அவரவர் வீட்டில், அவர் தனித்திருக்கும் நேரம் பார்த்து, அவரே விரும்பினால் மட்டும் கேளுங்கள். அப்போதும் மொத்தம் எவ்வளவு கடன் என்று தொடங்க வேண்டாம். எந்தக் கிழமையில் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டு, அவர் வீட்டுக் காலண்டரிலேயே அவர் கையாலேயே குறிக்கச் சொல்லுங்கள். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு தவணைகள் சேர்ந்து விழுவதும், அதற்கு முந்தைய இரவுதான் புதுக்கடன் பிறப்பதும் அவருக்கே புலப்படும். அந்தத் தாளை நீங்கள் எடுத்து வரக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. அறிக்கைக்குச் சான்று வேண்டும் என்று உங்கள் அலுவலகம் வற்புறுத்தினால், பெயரில்லாத எண்ணிக்கை மட்டும் கொடுங்கள்.

தண்டல் வட்டியைப் போட்டுக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்வது

10,000 ரூபாய்த் தண்டலில் 1,500 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 8,500 ரூபாய் தருகிறார்கள் என்றும், நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதால், இதன் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 120 விழுக்காடு ஆகிறது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவது நல்லதுதான். ஆனால் அது அதிக வட்டி என்பது வாங்குகிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விடியற்காலை நான்கு மணிக்குக் கையெழுத்துக் கேட்காமல் பணம் தருகிறவர் வேறு எவரும் இல்லை என்பதால் வாங்குகிறார்கள். மாற்று வழியைச் சொல்லாமல் வட்டியை மட்டும் சொன்னால் அது ஏச்சாகத்தான் அவர்கள் காதில் விழும்.

தெருவோர வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாமல் முதல் கடன் கிடைக்கும். தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை 2025-ல் 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. குடியிருப்பது மாநகராட்சிக்கு வெளியே இருந்தாலும், விற்பது எல்லைக்குள் என்றால் மாநகராட்சியின் பரிந்துரைக் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம் என்பதைப் பலர் அறியவில்லை. வாரக் குழுக் கடன் வாங்கியவர்களிடம் 2022-ல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளைச் சொல்ல வேண்டும். எல்லாக் கடன்களுக்குமான தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காக அழைக்கக் கூடாது. இவற்றைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காரும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.

சேமிப்பில் தொடங்குவது

கடனைப் பேசி முடிக்கும் வரை சேமிப்பைப் பேச வேண்டாம்.

செய்முறையை வீண்செலவு என்பது

காதுகுத்துக்கும் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் செய்முறை, அதாவது மொய்யும் சீரும், செய்வதை நிறுத்துங்கள், அதுவே பாதிக் கடனுக்குக் காரணம் என்று அறிவுரை சொல்கிறவர்கள், அந்த வீட்டின் மொய் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில்லை. யார் வீட்டில் எவ்வளவு செய்தோம் என்பது அதில் ஆண்டுவாரியாக எழுதப்பட்டிருக்கும். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். வட்டியில்லாமல் ஒரே நாளில் பெருந்தொகை கைக்கு வர இந்தக் குடும்பங்களுக்கு இருக்கும் வழிகளில் இதுவும் ஒன்று. எனவே அந்த நோட்டைத் திறந்து, வரும் ஆவணியிலும் தையிலும் யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது, நமக்கு வர வேண்டியது எவ்வளவு என்று பார்த்து, அதற்கு இப்போதிருந்தே வாரம் ஒரு தொகையை ஒதுக்கச் சொல்வதுதான் முறை. கடன் வாங்கிச் செய்முறை செய்வது வேறு, சேர்த்து வைத்துச் செய்வது வேறு.

கணவர்களை விட்டுவிடுவது

அவர்களையும் கூப்பிடுங்கள். வேறொரு நாளில்.

ஏடிஎம் அட்டையையும் வீட்டையும் பேசாமல் விடுவது

மாதந்தோறும் வரும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகையை, அட்டையையும் ரகசிய எண்ணையும் அடகாக வாங்கி வைத்திருக்கும் கடன்காரரே எடுத்துக்கொள்ளும் வீடுகள் உண்டு. வங்கிக்குச் சென்று பழைய அட்டையை முடக்கிப் புதிய அட்டை வாங்கலாம் என்பதை வகுப்பில் பொதுவாகச் சொல்லுங்கள். எவர் வீட்டில் அப்படி நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள்.

வீட்டைப் பொறுத்தவரை ஒத்தி பற்றிப் பேசியே ஆக வேண்டும். சொந்த வீட்டுக்காரர் ஒரு பெருந்தொகையை வாங்கிக்கொண்டு, வாடகையில்லாமல் வீட்டைக் கொடுத்து, கெடு முடிந்ததும் அதே தொகையைத் திருப்பிக் கொடுத்து வீட்டை மீட்பது மதுரைப் பக்கம் வழக்கமான ஏற்பாடுதான். கடன் நெருக்கும்போது வாரிய வீட்டையும் அப்படி ஒத்திக்கு விட்டு, நகருக்குள் வாடகைக்குப் போகிறார்கள். வாங்கிய பணம் பழைய கடன்களுக்கே போய்விடுவதால், கெடு முடியும்போது திருப்பிக் கொடுக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒதுக்கீடு பெற்றவரைத் தவிர வேறொருவர் குடியிருப்பது ஒதுக்கீட்டு நிபந்தனைக்கே எதிரானது என்பதால், ஆய்வுக்கு வரும் அலுவலர் அதைக் கண்டால் ஒதுக்கீட்டை ரத்து செய்ய முடியும். அப்படி ரத்தானால் ஒத்திக்கு வந்தவரும் தெருவில் நிற்பார், பணத்தையும் கேட்பார். இதை முதல் வகுப்பிலேயே சொல்ல வேண்டும். முத்திரைத்தாளில் கையெழுத்துப் போட்ட பிறகு நம்மிடம் வருகிறவர்களுக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு.