கார்ல பிரேக் புடிச்சா ஸ்டீயரிங் ஆடுதா? டிஸ்க் (வீலோட சேர்ந்து சுத்துற பிரேக் தட்டு) மாத்தியும் திரும்ப வருதா?

முதல்ல ஒண்ணு பாருங்க, பிரேக் தொடாம 80-100ல போகும்போதே ஆடுனா அது பெரும்பாலும் வீல் பேலன்ஸிங் இல்லன்னா டயர் பிரச்சனை, பிரேக் மேல பழி போடாதீங்க. மிதிச்சா மட்டும் ஸ்டீயரிங் ஆடுதுன்னா முன் டிஸ்க், சீட்டும் பெடலும் மட்டும் அதிர்ந்தா பின் பிரேக்கையும் பாருங்க.

டிஸ்க் வளைஞ்சிருச்சுன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா நெறைய தடவ அது வளையறதில்ல, ஒரு இடத்துல தடிமனா ஒரு இடத்துல மெலிசா தேய்ஞ்சிருக்கும். புது டிஸ்க் போட்டும் சில ஆயிரம் கிலோமீட்டர்ல திரும்ப வருதுன்னா ஹப்ல (டிஸ்க்கும் வீலும் மாட்டுற நடுப்பகுதி) துரு இருக்கான்னு பாருங்க, அத வயர் பிரஷ்ல சுத்தம் பண்ணாம மேலேயே டிஸ்க்க மாட்டிருப்பாங்க, அப்ப டிஸ்க் லேசா கோணலா சுத்தி சுத்தி தேய்ஞ்சுரும். டயல் கேஜ்ங்கிற நுண்ணளவு கருவி வச்சு, டிஸ்க் சுத்தும்போது பக்கவாட்டுல எவ்ளோ ஆடுதுன்னு மெக்கானிக்க அளக்க சொல்லுங்க, பல கார்ல 0.05 மி.மீ. தாண்டுனாலே சிக்கல்தான், சரியான அளவு சர்வீஸ் மேனுவல்ல இருக்கும்.

காலிப்பர் (பிரேக் பேட டிஸ்க் மேல அழுத்துற பாகம்) நகர்றதுக்கு இருக்குற ஸ்லைடு பின் கையால தள்ளுனா ஈசியா நகரணும். ஓட்டி முடிச்சதும் ஒரு வீல் மட்டும் அதிகமா சூடா இருந்தா (டிஸ்க்க தொட்றாதீங்க, சுட்ரும்) பெரும்பாலும் அங்கதான் பிரேக் விடாம ஒட்டிக்கிட்டு இருக்கும்.

வீல் நட்ட ஏர் கன்ல இஷ்டத்துக்கு முறுக்க விடாதீங்க, எதிரெதிர் நட்டா மாத்தி மாத்தி, டார்க் ரெஞ்சுலதான் (சரியான அளவு இறுக்குற ஸ்பேனர்) டைட் பண்ணணும். இதெல்லாம் சரியா இருந்தும் ஆடுனா சஸ்பென்ஷன்ல இருக்குற கன்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட் தேய்ஞ்சிருக்கான்னு பாருங்க.