ஆங்கிலச் சொல்லின் வாலில் ஒட்டும் ‘உ’வைக் கழற்றுவது எப்படி?

தொலைபேசியில் ஒருவரிடம் ‘ஐ சென்ட் இட்’ என்றேன். ‘சென்ட் டு ஹூம்?’ என்று கேட்டார். திரும்பச் சொன்னேன், திரும்ப அதே கேள்வி. என் வாயிலிருந்து வந்தது ‘சென்ட்டு இட்டு’ என்று அப்புறம்தான் உறைத்தது. அந்த ‘டு’வைக் கேட்டவர், யாருக்கு அனுப்பினேன் என்று நான் சொல்லப்போவதாகக் காத்திருக்கிறார்!

இது சோம்பேறித்தனம் இல்லை, பழக்கம். தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. பாக்கு, காடு, காப்பு என்று கடைசியில் ஒரு குற்றியலுகரம் வந்து தாங்கும். அதே தயவை ஆங்கிலச் சொல்லுக்கும் காட்டுகிறோம்: புக்கு, கப்பு, பஸ்ஸு.

படி 1: இருபது, முப்பது விநாடி ஒலிப்பதிவு ஒன்றை எடுங்கள். ஒரே குரல், பின்னணி இசை இல்லாதது, எழுத்து வடிவமும் கிடைப்பது. சினிமா வசனம் வேண்டாம். என் தேர்வு வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-ல் தொடங்கிய ‘ஸ்பெஷல் இங்கிலீஷ்’ வகைப் பழைய பதிவுகள். ஏறத்தாழ 1,500 சொற்களுக்குள், நிதானமாக வாசிப்பார்கள்.

படி 2: அதை ஆடாசிட்டியில் திறங்கள். ஒலியைப் பதியவும் திருத்தவும் உதவும் இலவச மென்பொருள். வேகம் அதிகமாகத் தெரிந்தால் ‘சேஞ்ச் டெம்போ’வில் 20 விழுக்காடு குறையுங்கள். பக்கத்திலேயே ‘ஸ்பீடு’ என்றும் ஒன்று இருக்கும், அதைத் தொடாதீர்கள். குரலின் சுருதியும் சேர்ந்து இறங்கிவிடும். ஒரு வாரம் பூதக் குரலோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன்.

படி 3: நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். தொண்டையில் இரு விரல்களை வைத்து ‘கப்’ என்று சொல்லுங்கள். ‘அ’ ஒலிக்கும்போது அதிர்வு தெரியும். உதடு மூடியதும் அதிர்வு நிற்க வேண்டும். உதடு திறக்கும்போது மறுபடி அதிர்ந்தால் ‘உ’ நுழைந்துவிட்டது. முதல் நாள் எனக்குப் பத்துக்கு ஒன்பது முறை அதிர்ந்தது. ‘நான் சரியாகத்தான் சொல்கிறேன்’ என்று காது சாதித்தது. பதிவு செய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெரிய மேடு, சின்ன இடைவெளி, அப்புறம் ஒழுங்கான அலைகளோடு ஒரு குட்டி மேடு. அந்தக் குட்டிதான் ‘உ’. இடைவெளிக்குப் பின் ஒழுங்கற்ற சொரசொரப்பு மட்டும் இருந்தால் அது வெறும் காற்று, பரவாயில்லை.

கைப்பேசியில் பதிந்து கேட்டால் போதாதா என்றால், எனக்குப் போதவில்லை. நம் தவற்றை நம் காது மன்னித்துவிடுகிறது.

படி 4: அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் மெய்யை அதன்மேல் ஏற்றிவிடுங்கள். ‘சென்ட் இட்’ என்பது ‘சென்-டிட்’. ‘பிக் இட் அப்’ என்பது ‘பி-கி-டப்’. உடல்மேல் உயிர்வந்து ஒன்றும் புணர்ச்சியேதான். நமக்கு இது கைவந்த கலை.

படி 5: பதிவை ஓடவிட்டு அரை விநாடி பின்னால் கூடவே பேசி, உங்கள் குரலைப் பதியுங்கள். ஹெட்ஃபோன் அவசியம், இல்லாவிட்டால் மூலக்குரலும் உங்கள் பதிவில் ஏறிக்கொள்ளும்.

பின்சேர்க்கை: ‘உ’வைக் கழற்றப்போய் மெய்யையே விழுங்கிவிடுகிறேன், ‘கப்’ வெறும் ‘க’ என்றே கேட்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். உதட்டை மூடுங்கள், மூடியபடியே ஒரு நொடி நில்லுங்கள். திறக்க அவசரமில்லை.

இன்னொரு பின்சேர்க்கை: உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். வேண்டாம். பை என்று பொருள்படும் bag-கும் ‘பேக்’, முதுகு என்று பொருள்படும் back-கும் ‘பேக்’ என்றுதான் எழுத வரும். ஆங்கிலத்தில் பையின் உயிரொலி சற்று நீளும், முதுகினுடையது சட்டென்று வெட்டுப்படும்; வேறுபாட்டில் பாதி அங்கேதான். வகுப்பெடுப்பவர்கள் இப்படிச் செய்யலாம்: நீங்கள் பலகைப் பக்கம் திரும்பி நில்லுங்கள். ஒரு மாணவர் இரண்டில் ஒன்றைச் சொல்லட்டும். பைதான் என்று கேட்டால் நீங்கள் ஒரு விரல், முதுகென்றால் இரண்டு விரல் உயர்த்துங்கள். மாணவர் நினைத்த சொல்லும் உங்கள் விரலும் ஒத்துப்போகாவிட்டால், திருத்தம் சொல்லாமல் அவரையே இன்னொரு முறை சொல்லச் சொல்லுங்கள்.