மாரிக்கால மூட்டுவலிக்கு நொச்சி ஒத்தடம்

திருகோணமலையில் மாரி தொடங்கினால் வயதானவர்களுக்கு முழங்கால் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் கன்னியா வெந்நீரூற்றுக்கு எல்லோராலும் போய்வர முடியாது. வீட்டிலேயே நொச்சி ஒத்தடம் கொடுக்கலாம்.

இரண்டு கைப்பிடி நொச்சி இலையை உருவி, இரும்புச் சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு வதக்குங்கள். இலை கருகக் கூடாது. சுருண்டு, வாசம் மூக்கில் ஏறியதும் இறக்கினால் சரி. கொஞ்சம் கல்லுப்பும் சேர்த்து, பழைய பருத்திச் சீலையில் பொட்டலமாகக் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் ஒற்றி எடுங்கள். ஒற்றுவதற்கு முன் கொடுப்பவர் தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்ப்பது முக்கியம். நீரிழிவு உள்ள அம்மம்மாவுக்குக் காலில் சூடு உறைக்காமலே கொப்புளம் வந்துவிடலாம்.

முடக்கொத்தான் ரசமும் வைத்துக் கொடுக்கலாம், ஆனால் அதை நம்பி டாக்டர் தந்த மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

இன்னொன்று: இந்த ஒத்தடம் இறுக்கத்துக்கும் பழைய வலிக்கும்தான். மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து கொதித்தால் சூடு வைக்கவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ்கட்டிதான் அதற்கு. கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.