பழைய இருபக்க பிளேடு ரேசரில் முதல் சவரம்: தொடங்குவோருக்கான செய்முறை

கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற ரேசரின் அடிப்படை அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. இருபுறமும் கூருள்ள, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமனே கொண்ட பிளேடு ஒன்றை மேல்மூடிக்கும் அடித்தகட்டுக்கும் நடுவே சற்று வளைத்து இறுக்கிப் பிடிப்பதுதான் அதன் வேலை. அவ்வளவு மெல்லிய எஃகைக் கடினப்படுத்திக் கூர் ஏற்றும் முறையை உருவாக்கித் தந்தவர் பொறியாளர் வில்லியம் நிக்கர்சன். விற்பனை தொடங்கிய 1903-இல் விற்றவை 51 ரேசர்களும் 168 பிளேடுகளும் மட்டுமே. அதற்குப் பிந்தைய பல பத்தாண்டுகளில் பித்தளையில் செய்து நிக்கல் முலாம் பூசப்பட்ட ரேசர்கள் எளிதில் தேயாதவை என்பதாலும், பிளேடின் அளவு மாறவே இல்லை என்பதாலும், அறுபது எழுபது ஆண்டுப் பழைய ரேசரில் இன்று மளிகைக்கடையில் வாங்கிய பிளேடைப் பொருத்தி நாம் சவரம் செய்ய முடிகிறது.

கார்ட்ரிட்ஜ் ரேசரிலிருந்து இதற்கு மாறுபவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கார்ட்ரிட்ஜின் தலை கழுத்தில் ஆடக்கூடியது; முகத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப அதுவே சாய்ந்துகொள்வதால், நாம் எவ்வளவு அழுத்தினாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கிறது. பழைய ரேசரின் தலை அசையாது. கோணத்தையும் அழுத்தத்தையும் கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு கட்டமும் இந்த இரண்டைப் பற்றியதுதான்.

எந்த ரேசரை வாங்குவது?

தொடங்குபவருக்கு என் பரிந்துரை ஜில்லெட் டெக். 1930-களின் இறுதியில் வெளிவந்த இது மூடி, அடித்தகடு, கைப்பிடி என மூன்று பாகங்களாகக் கழலும். கெட்டுப்போக அதில் ஒன்றும் இல்லை. தோலிடமும் மென்மையாகவே நடந்துகொள்ளும். 1947-இல் வந்த சூப்பர் ஸ்பீடும் நல்லதே. கைப்பிடியின் அடியிலுள்ள திருகைத் திருப்பினால் தலையின் இரு கதவுகளும் விரியும் என்பதால் பிளேடு மாற்றுவது எளிது. பிளேடு வெளித்தெரியும் அளவை 1 முதல் 9 வரை கூட்டிக் குறைக்கக்கூடிய ரேசர்கள் 1958 முதல் வந்தன. சேகரிப்பவர்கள் இவற்றைத்தான் தேடி அலைகிறார்கள், விலையும் அதற்கேற்பவே இருக்கிறது. முதல் ரேசராக இவை தேவையில்லை. வீட்டுப் பரணிலேயே ஒன்று கிடைத்துவிட்டால் 3-க்கு மேல் போகாமல் தொடங்கலாம். 1950-களுக்குப் பிந்தைய அமெரிக்கத் தயாரிப்புகளில் தலையின் அடிப்பக்கம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் பொறித்திருக்கும். எழுத்து ஆண்டையும் எண் காலாண்டையும் குறிப்பவை: F-3 என்றிருந்தால் அது 1960-இன் மூன்றாம் காலாண்டில் செய்தது.

வாங்குமுன் கதவுகள் கோணியிருக்கின்றனவா, தலையின் ஓரத்துப் பற்களில் ஏதேனும் உடைந்திருக்கிறதா, கைப்பிடியில் விரிசல் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் வேண்டாம். முலாம் தேய்ந்து ஆங்காங்கே பித்தளை மஞ்சளாகத் தெரிவது வெறும் தோற்றக் குறை. அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

சுத்தம் செய்தல்

இன்னொருவர் முகத்தில் ஓடிய ரேசர் என்பதால் இந்தக் கட்டத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது. பாத்திரம் கழுவும் திரவம் சில துளி கலந்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் இடுக்குகளிலுள்ள காய்ந்த சோப்பைத் தேய்த்து எடுங்கள். பித்தளைதானே என்று புளியோ எலுமிச்சையோ போட்டுத் துலக்க வேண்டாம். மேலே இருப்பது மெல்லிய முலாம், புளிப்பு அதை மங்கச் செய்துவிடும். கொதிநீரும் வேண்டாம், குறிப்பாகத் தங்க முலாம் பூசியவற்றுக்கு. கழுவி உலர்த்திய பின், மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் மூழ்க வைத்தால் கிருமிநீக்கமும் முடிந்தது. திருகும் வகை ரேசரில் திருகு இறுகியிருந்தால் பலம் காட்டித் திருப்பாமல், ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்திருங்கள்.

பிளேடு பொருத்துதல்

பிளேடை எப்போதும் கூரில்லாத இரு குறுகிய ஓரங்களில் மட்டுமே பிடிக்க வேண்டும். டெக் ரேசரில் மேல்மூடியைக் கவிழ்த்து வைத்து, அதன் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளில் பிளேடின் துளைகள் பொருந்துமாறு வைத்து, மேலே அடித்தகட்டை அமர்த்தி, கைப்பிடியை மரையில் திருகி இறுக்குங்கள். விரல் பலம் போதும். பிறகு தலையைக் கண்ணுக்கு நேரே பிடித்து இரு பக்கத்தையும் பாருங்கள். மூடிக்கு வெளியே தெரியும் பிளேடின் கோடு இரு பக்கமும் ஒரே அகலத்தில், முழு நீளத்துக்கும் சீராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலாக நீண்டிருந்தால் அந்தப் பக்கம்தான் வெட்டும். தளர்த்திவிட்டு மீண்டும் இறுக்குங்கள்.

செவன் ஓ'கிளாக், சூப்பர்-மேக்ஸ், டோபாஸ், வில்கின்சன் ஸ்வோர்ட் என்று நம் கடைகளில் பல பிளேடுகள் கிடைக்கின்றன. ஒருவருக்குச் சுகமாக ஓடுவது இன்னொருவருக்கு எரிச்சல் தரலாம். ஆனால் கை பழகும் வரை ஒரே பிளேடில் நிற்பது நல்லது; இல்லாவிட்டால் தவறு கையிலா பிளேடிலா என்று தெரியாமலே போகும்.

முகத்தைத் தயார் செய்தல்

சவரத்துக்கு முந்தைய நாள் அரும்பியிருக்கும் தாடியின் மேல் விரலை எல்லாத் திசைகளிலும் ஓட்டிப் பாருங்கள். வழுக்கிச் செல்லும் திசை முடி வளரும் திசை; சொரசொரவென்று தடுப்பது அதற்கு எதிர்த்திசை. கன்னத்தில் பெரும்பாலும் முடி கீழ்நோக்கியே இருக்கும். கழுத்தில் அப்படி நம்ப முடியாது: பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் வளர்ந்திருக்கும், தொண்டையின் இரு பக்கத்திலும் வெவ்வேறாகக்கூட இருக்கும்.

குளித்த உடனேயே சவரம் செய்வது உத்தமம். ஈரத்தில் ஊறிய முடி எளிதில் அறுபடும். நனைத்து உதறிய பிரஷ்ஷில் பாதாம் பருப்பளவு கிரீமை எடுத்து முகத்தில் வட்டமாகத் தேயுங்கள். பெரிய குமிழிகள் தெரிந்தால் தண்ணீர் அதிகம். நுரை காய்ந்து ஒட்டினால் தண்ணீர் போதவில்லை. குமிழி தெரியாமல், தயிர்போல் வழவழப்பாக ஆனதும் தொடங்கலாம்.

சவரம்

கைப்பிடியின் கீழ்ப்பாதியை விரல்நுனிகளால் மட்டும் பிடியுங்கள்; முழுக்கையால் பற்றினால் உங்களை அறியாமலே அழுத்துவீர்கள். ரேசரின் மேல்மூடி கன்னத்தில் படும்படி, கைப்பிடி தரைக்கு இணையாக நீட்டியிருக்குமாறு வையுங்கள். இந்த நிலையில் பிளேடு தோலைத் தொடாது. இனி கைப்பிடியை மெல்லக் கீழே சாய்த்துக்கொண்டே தலையைச் சிறிது நகர்த்துங்கள். பிளேடு தோலோடு ஏறத்தாழ 30 பாகைக்கு வரும்போது, முடி அறுபடும் சரசரவென்ற ஒலி கேட்கத் தொடங்கும். அந்த ஒலியே உங்கள் வழிகாட்டி. ஒலி நின்றுவிட்டால் கோணம் நழுவியிருக்கிறது, அல்லது அங்கே வெட்ட முடி இல்லை. எனவே முதல் சில வாரங்களுக்குக் குளியலறையில் பாட்டு வைக்காமல் இருப்பது நல்லது.

ரேசரின் எடையே பிளேடை முடிக்குள் செலுத்தப் போதுமானது. மறு கையால் தோலை இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு மட்டும், முடி வளரும் திசையிலேயே இழுங்கள். இரண்டு மூன்று இழுப்புக்குப் பின் மறுபக்கத்துக்குத் திருப்பி, பிறகு நீரில் அலசுங்கள். பிளேடு தோலில் பட்டிருக்கும்போது பக்கவாட்டில் நகர்த்தவே கூடாது. பெரும்பாலான வெட்டுக்காயங்கள் அப்படித்தான் வருகின்றன.

கன்னங்களில் தொடங்கி, கடினமான இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொண்டால் நுரை ஊற அவகாசம் கிடைக்கும். மேலுதட்டுக்கு உதட்டைப் பற்களின் மேல் இழுத்து மடித்துக்கொள்ளுங்கள். மோவாயில் வளைவு அதிகம் என்பதால் இழுப்பு ஒரு சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். தொண்டை மேட்டின் மேலேயே ஓட்டாமல், அங்குள்ள தோலைப் பக்கவாட்டில் இழுத்துச் சமதளத்துக்குக் கொண்டுவந்து மழியுங்கள்.

முதல் சுற்று முடிந்ததும் முகம் மொழுமொழுவென்று இருக்காது. இருக்க வேண்டியதும் இல்லை. நீரால் கழுவி, மீண்டும் நுரை பூசி, இரண்டாம் சுற்றை முடி வளரும் திசைக்குக் குறுக்காக ஓட்டுங்கள். நுரை இல்லாத இடத்தில் ஒருமுறைகூட ரேசரை வைக்க வேண்டாம். எதிர்த்திசையில் மழிப்பதைச் சில வாரங்கள் தள்ளிப்போடுங்கள். கழுத்தில் முடி தோலுக்குள் சுருண்டு வளரும் தொல்லை உள்ளவர்கள் அதை அறவே விட்டுவிடலாம்.

முடித்த பின்

குளிர்ந்த நீரால் கழுவி, ஈரமான படிகாரக் கட்டியை முகமெங்கும் தேய்த்து, அரை நிமிடம் கழித்து அலசுங்கள். சிறு கீறல்களில் இரத்தம் நிற்கும். கூடவே, எங்கெல்லாம் சுரீரென்கிறதோ அங்கெல்லாம் அழுத்தியிருக்கிறீர்கள் என்பதும் தெரிந்துவிடும். அடுத்த சவரத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள் அவையே.

ரேசரைக் கழற்றி அலசி, உதறி, காற்றாட வையுங்கள். பிளேடைத் துணியால் துடைக்க வேண்டாம். கூரும் போகும், விரலும் போகும். நான்கைந்து சவரங்களுக்குப் பின், அல்லது முடியைப் பிடித்து இழுப்பதுபோல் உணர்ந்த அன்றே, புதிய பிளேடுக்கு மாறுங்கள். பிளேடை வீட்டில் யாருடனும் பகிரக் கூடாது. ஹெபடைடிஸ் பி போன்றவை இரத்தத்தின் வழியே பரவுபவை.

பழைய அமெரிக்க வீடுகளில் குளியலறை அலமாரியின் பின்புறம் ஒரு சிறு பிளவு இருக்கும். தேய்ந்த பிளேடுகளை அதில் போட்டால் அவை சுவருக்குள்ளேயே விழுந்து கிடக்கும். நமக்கு மூடியுள்ள ஒரு தகர டப்பா போதும். மூடியில் பிளேடு நுழையும் அளவுக்குக் கீறி, மூடியைப் பசையால் ஒட்டிவிடுங்கள்; நிறைந்ததும் பிளவையும் ஒட்டி, உள்ளே பிளேடு இருப்பதை மேலே எழுதி, தூய்மைப் பணியாளரிடம் தனியாகச் சொல்லிக் கொடுங்கள்.